டி ஆர்,எல் பட்டியலில் வராத ரிப்ளைகள்: ஸோவி வழியாகப் பார்ப்பது எப்படி?

இரவுப்பணி27 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தின் ஐபிஎம் மெயின்பிரேமில் இரண்டு எல்பார்கள் (மெயின்பிரேமின் தனித்தனிப் பிரிவுகள்) ஒரே சிஸ்பிளெக்ஸாக (ஒன்றாக இயங்கும் சிஸ்டம்களின் கூட்டமாக) இணைந்து இசட்/ஓஎஸ் இயங்குதளம் ஓடுகிறது. இரவு பேட்ச் ஓடும்போது ஏதேனும் ஒரு ஜாப் ஆபரேட்டரிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்படியே நின்றுவிடுகிறது. கன்சோலை ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது தெரியவருகிறது. ஆகவே, பதிலுக்காக நிற்கும் செய்திகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லினக்ஸ் சர்வரிலிருந்து எடுத்துப் பார்த்து, புதிதாக ஏதாவது வந்திருந்தால் பணியில் இருப்பவரின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மெயின்பிரேமுக்கு வெளியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் ஸோவி கட்டளைவரிக் கருவியில் நான் கொடுக்கும் கட்டளை இது (டி ஆர் என்பது டிஸ்ப்ளே ஆர், அதாவது நிற்கும் செய்திகளைக் காட்டச் சொல்வது):

ஸோவி இசட்ஓஎஸ்-கன்சோல் இஷ்யூ கமாண்ட் "டி ஆர்,எல்"

கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிகிறது; ஐஈஈ112ஐ என்ற தலைப்புடன் பதிலும் வருகிறது. ஆனால் அதே நேரத்தில் ஆபரேட்டர் அறையின் கன்சோலில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளான நெட்வியூவின் டிஎஸ்ஐ802ஏ என்ற செய்தி ஒன்றும், டேப் டிரைவ் கேட்கும் ஒரு ஜாப்பின் ஐஈஎஃப்238டி ஒன்றும் நிற்பதை நானே பார்த்தேன். என் பட்டியலில் அவ்விரண்டும் இல்லை. நான் நுழைந்திருப்பதும் அதே சிஸ்பிளெக்ஸ்தான், அதே எல்பார்தான். இது கருவியின் குறையா, அல்லது என் பயனர் கணக்குக்கு ஏதேனும் உரிமை போதவில்லையா என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

பழையகன்சோல் எழுதியது:

குறை கருவியிலும் இல்லை, உங்கள் உரிமையிலும் இல்லை; கட்டளையை எந்தக் கன்சோலிலிருந்து கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸோவி தானாக எதையும் பட்டியலிடுவதில்லை. அது உங்கள் கட்டளையை, இசட்/ஓஎஸ்-இன் வலைவழி மேலாண்மைக் கருவியான இசட்/ஓஎஸ்எம்எஃப்-இன் ரெஸ்ட் கன்சோல் சேவையிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சேவை உங்கள் பெயரில் ஓர் ஈஎம்சிஎஸ் கன்சோலை (நிரல் வழியாக இயங்கும் கன்சோலை) திறந்து, அதிலிருந்து கட்டளையைக் கொடுக்கிறது. டிஸ்ப்ளே ஆர் கட்டளையில் கன்சோலைக் குறிக்கும் சிஎன் என்ற பகுதியை எழுதாமல் விட்டால், கேட்கும் கன்சோலுக்கு அனுப்பப்பட்ட செய்திகளை மட்டுமே சிஸ்டம் காட்டும். டேப் தொடர்பான கேள்விகள் தங்களுக்குரிய ரவுட்டிங் கோடுகளுடன் (எந்தக் கன்சோலுக்குப் போக வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்களுடன்) வருகின்றன. ஆபரேட்டர் அறையின் கன்சோல் அந்தக் கோடுகளைப் பெறும்படி கான்சோல்எக்ஸ்எக்ஸ் பார்ம்லிப் உறுப்பில் (சிஸ்டத்தின் அமைப்புக் கோப்புகளில் ஒன்றில்) அமைக்கப்பட்டிருக்கும். உங்கள் பெயரில் திறக்கப்படும் கன்சோலுக்கு அவை ஒதுக்கப்பட்டிருக்காது. எனவே உங்களுக்கு வந்த பட்டியல் பொய்யில்லை, அது உங்கள் கன்சோலின் பட்டியல், அவ்வளவுதான்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்:

ஸோவி இசட்ஓஎஸ்-கன்சோல் இஷ்யூ கமாண்ட் "டி ஆர்,ஆர்,சிஎன்=(ஆல்)"

இதில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். சிஎன்=(ஆல்) என்பது எல்லாக் கன்சோல்களுக்கும் உரிய செய்திகளைக் கொண்டுவரும். எல் என்பதற்குப் பதிலாக ஆர் என்று எழுதியதற்குக் காரணம், உங்களுக்குத் தேவை பதில் எதிர்பார்க்கும் செய்திகள், அதாவது டபிள்யூடிஓஆர் மட்டுமே என்பதுதான். எல் என்று கேட்டால், பதில் தேவைப்படாத, ஆனால் ஆபரேட்டர் ஏதாவது செய்ய வேண்டிய ஆக்ஷன் செய்திகளும் கலந்து வரும். அவற்றைப் பிறகு ஸ்கிரிப்டில் வடிகட்டிக்கொண்டிருப்பதைவிட முதலிலேயே கேட்காமல் இருப்பது எளிது. தலைப்பு வரியில் நோஏஎம்ஆர்எஃப் என்று தெரிந்தால் அதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஏஎம்ஆர்எஃப் வசதி ஆக்ஷன் செய்திகளைச் சேமித்து வைப்பதற்கானது. டபிள்யூடிஓஆர் அதன் தயவில் இல்லை, பதில் கிடைக்கும்வரையோ கேட்ட நிரல் முடியும்வரையோ சிஸ்டம் அதை வைத்திருக்கும்.

மேற்கோள்குறிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் லினக்ஸ் ஷெல் அடைப்புக்குறியைத் தன்னுடையதென எடுத்துக்கொண்டு இலக்கணப் பிழை காட்டும். ஜாப்களை நிர்வகிக்கும் ஜெஸ்2-இன் கட்டளைகளையும் இதே ஸ்கிரிப்டில் கொடுக்கும் எண்ணம் இருந்தால், அவை டாலர் குறியில் தொடங்குவதால் இரட்டை மேற்கோளுக்குள் எழுதக்கூடாது: ஷெல் அதை மாறியின் பெயர் என்று நினைத்து வெறுமையாக்கிவிடும். லினக்ஸில் ஒற்றை மேற்கோள்தான் அதற்குச் சரி.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸோவி பிழையின்றி முடிந்தது என்றால், கட்டளை கன்சோல்வரை போய்ச் சேர்ந்து ஏதோ ஒரு பதில் வந்தது என்பது மட்டும்தான் பொருள். கட்டளையைத் தவறாக எழுதி எம்விஎஸ் (இசட்/ஓஎஸ்-இன் அடிப்படைப் பகுதி) அதை மறுத்திருந்தாலும் கருவியின் பார்வையில் அது வெற்றிதான். ஆகவே முடிவுக் குறியீட்டை நம்பாமல், வந்த உரையில் ஐஈஈ112ஐ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதைப் ‘பதிலுக்கு எதுவும் நிற்கவில்லை’ என்று கொள்ளாமல், ‘பட்டியல் கிடைக்கவில்லை’ என்று தனியாக அறிவியுங்கள். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான், கடவுச்சொல் காலாவதியான இரவில் எல்லாம் பச்சையாகத் தெரிகிறது.

---

இரவுப்பணி27 எழுதியது:

மிக்க நன்றி ஐயா. சிஎன்=(ஆல்) சேர்த்தவுடன் எல்லாம் வந்துவிட்டன. ஜாப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, வந்ததை இங்கே தருகிறேன்:

ஐஈஈ112ஐ 02.14.07 பெண்டிங் ரிக்வெஸ்ட்ஸ்
ஆர்எம்=4 ஐஎம்=0 சிஈஎம்=0 ஈஎம்=0
03 ஆர் *03 டிஎஸ்ஐ802ஏ சிஎன்எம்01 ரிப்ளை வித் வேலிட் என்சிசிஎஃப் சிஸ்டம் ஆபரேட்டர் கமாண்ட்
05 ஆர் *05 டிஎஃப்எஸ்996ஐ *ஐஎம்எஸ் ரெடி*
06 ஆர் *06 எச்டபிள்யூஎஸ்சி0000ஐ *ஐஎம்எஸ் கனெக்ட் ரெடி*
17 ஆர் *17 ஐஈஎஃப்238டி பேஜாப்1 - ரிப்ளை டிவைஸ் நேம் ஆர் 'கேன்சல்'

இப்போது வேறொரு சிக்கல். இவற்றில் முதல் மூன்றும் எப்போதும் அப்படியே நிற்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றுக்கெல்லாம் கைப்பேசி ஒலித்தால் பணியில் இருப்பவர் ஸ்கிரிப்டையே நிறுத்திவிடுவார். ஐஈஎஃப்238டி வரும்போது, ஸ்கிரிப்டே கேன்சல் என்று பதில் கொடுத்துவிட்டால் என்ன என்றும் எங்கள் குழுவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது நல்ல வழியா?

---

வரிபிரிப்பவர் எழுதியது:

முதல் மூன்றும் கேள்விகளே அல்ல. திறந்து வைத்த வாசல்கள். நெட்வியூ, ஐஎம்எஸ் (தரவுத்தள, பரிவர்த்தனை மென்பொருள்), அதன் இணைப்பு மென்பொருளான ஐஎம்எஸ் கனெக்ட் ஆகியவை ஆபரேட்டர் எப்போது வேண்டுமானாலும் தங்களுக்குக் கட்டளை கொடுப்பதற்காக ஒரு ரிப்ளை எண்ணைத் திறந்தே வைத்திருக்கும். ஐஎம்எஸ்-க்குக் கட்டளை கொடுத்தவுடன் அந்த எண் முடிந்துபோய், வேறு எண்ணுடன் டிஎஃப்எஸ்996ஐ மறுபடியும் வந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே விலக்குப் பட்டியலை ரிப்ளை எண்ணை வைத்து எழுதாதீர்கள். செய்தி எண்ணை வைத்து எழுதுங்கள். ஒரு சிறிய கோப்பில் டிஎஸ்ஐ802ஏ, டிஎஃப்எஸ்996ஐ, எச்டபிள்யூஎஸ்சி0000ஐ என்று வரிக்கு ஒன்றாக வைத்து, கிரெப் கட்டளையின் மைனஸ் வி, மைனஸ் எஃப் விருப்பங்களால் அவற்றை நீக்கிவிடலாம்.

நீக்குவதோடு நின்றுவிடவும் கூடாது. இவை பட்டியலில் இல்லாமல் போவதும் ஒரு செய்திதான்: டிஎஃப்எஸ்996ஐ ஒரு சுற்றிலும் வரவில்லை, அடுத்த சுற்றிலும் வரவில்லை என்றால் ஐஎம்எஸ் ஓடவில்லை என்று ஐயப்படலாம். எங்கள் இடத்தில் அதையும் தனியாக அறிவிக்கிறோம்.

நீங்கள் ஒட்டிய பட்டியலில் வரிகள் குறுகியவையாக இருப்பதால் ஒரு செய்திக்கு ஒரு வரி என்று தோன்றும். உண்மையில் நீளமான செய்திகள் அடுத்த வரிக்குத் தொடரும். தொடரும் வரியில் ரிப்ளை எண் இருக்காது. எனவே ஆக் (உரையை வரிவரியாகப் பிரிக்கும் லினக்ஸ் கருவி) நிரலில், எண்ணும் ஆர் என்ற எழுத்தும் கொண்டு தொடங்கும் வரியைப் புதிய செய்தியாகவும், அப்படித் தொடங்காததை முந்தைய செய்தியின் வாலாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸோவியை விட்டுவிட்டு ரெஸ்ட் சேவையை நேராக அழைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: அங்கே வரிகள் கேரேஜ் ரிட்டர்ன் குறியால் பிரிக்கப்பட்டிருக்கும், ஜேசன் வடிவ விடையிலிருந்து ஜேக்யூ கருவி வழியாக எடுத்து, டிஆர் கட்டளையால் அதைப் புதுவரிக் குறியாக மாற்றாவிட்டால் கிரெப் முழுப் பட்டியலையும் ஒரே வரியாகப் பார்க்கும்.

இந்த வரி பிரிக்கும் வேலையே வேண்டாம் என்று நினைத்தால் அன்சிபிள் என்ற தானியக்கக் கருவியைப் பாருங்கள். ஐபிஎம்-இன் இசட்/ஓஎஸ் கோர் தொகுப்பில் இசட்ஓஎஸ்_ஆபரேட்டர்_ஆக்ஷன்_கொயரி என்ற மாட்யூல் இருக்கிறது. அது உள்ளுக்குள் இதே டிஸ்ப்ளே ஆர் கட்டளையைச் சிஸ்டம் பெயருடன் ஒருமுறையும் ஜாப் பெயருடன் ஒருமுறையும் கொடுத்து, இரண்டு விடைகளையும் சேர்த்து, ஒவ்வொரு செய்திக்கும் எண், வகை, சிஸ்டம், ஜாப் ஐடி, ஜாப் பெயர், செய்தி எண், உரை என்று பிரித்துத் தருகிறது. ஜாப் பெயராலோ செய்தி எண்ணாலோ உரையில் உள்ள ஒரு சொல்லாலோ வடிகட்டவும் முடியும். ஆனால் அதற்கு மெயின்பிரேமில் பைத்தானும் ஜோவா எனப்படும் தானியக்கக் கருவித்தொகுப்பும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு பட்டியலுக்காக மட்டும் அதை நிறுவச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள்.

---

பழையகன்சோல் எழுதியது:

தானாகப் பதில் கொடுப்பதைப் பற்றி: லினக்ஸ் சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்ட் அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

ரிப்ளை எண் ஒரு செய்தியின் நிரந்தர அடையாளம் இல்லை. கான்சோல்எக்ஸ்எக்ஸ் உறுப்பில் ஆர்மேக்ஸ் மதிப்பை நீங்கள் மாற்றாதிருந்தால் அது 99; அதைத் தாண்டியதும் எண்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து சுழலும். 9999 வரை உயர்த்த முடியும், ஆனால் பல இடங்களில் யாரும் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள். ஸ்கிரிப்ட் பட்டியலை எடுத்த கணத்துக்கும் பதில் அனுப்பும் கணத்துக்கும் இடையில், ஆபரேட்டர் ஒருவர் 17-க்குப் பதில் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். பரபரப்பான இரவில், சுற்று வேகமாக ஓடினால், அடுத்து 17 என்ற எண்ணில் நிற்பது முற்றிலும் வேறொரு கேள்வியாக இருக்கலாம். ரிப்ளை எண் சிஸ்பிளெக்ஸ் முழுவதற்கும் ஒன்றே என்பதால், அந்தக் கேள்வி பக்கத்து எல்பாரிலிருந்தும் வந்திருக்கலாம்.

எல்லாக் கேள்விகளும் டேப் டிரைவைப் போலப் பாதிப்புக் குறைந்தவையும் அல்ல. ஐஎக்ஸ்சி402டி என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்பிளெக்ஸில் ஒரு சிஸ்டம் தன் நிலையைப் புதுப்பிக்காமல் நின்றுபோனால், மற்றொரு சிஸ்டம் ஆபரேட்டரிடம், ‘அதை ரீசெட் செய்த பிறகு டவுன் என்று பதில் கொடு’ என்று கேட்கும். அங்கே ‘பிறகு’ என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. நின்றுபோனதாகத் தோன்றும் சிஸ்டம் உண்மையில் சாகாமல், பொது வட்டுகளில் எழுதும் பணியைப் பாதியில் வைத்திருக்கலாம். ரீசெட் செய்யாமல் டவுன் என்று சொல்லிவிட்டால், மற்ற சிஸ்டம்கள் அது போய்விட்டதென நம்பி அதன் பூட்டுகளை விடுவித்துவிடும். பிறகு அது விழித்தெழுந்து எழுதினால் தரவு சிதையும். ஐஎக்ஸ்சி102ஏ-வும் இதே வகை. இத்தகைய செய்திக்கு உங்கள் ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அனுபவமுள்ள ஒருவரை உடனே எழுப்புவது.

குறிப்பிட்ட சில செய்திகளுக்குத் தானாகப் பதில் தேவை என்று முடிவு செய்தால், இசட்/ஓஎஸ் 1.12 பதிப்பிலிருந்தே, அதாவது 2010 முதலே, ஆட்டோ-ரிப்ளை வசதி சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டோஆர்எக்ஸ்எக்ஸ் பார்ம்லிப் உறுப்பில் செய்தி எண்ணையும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும், பிறகு கொடுக்க வேண்டிய பதிலையும் எழுதலாம். அதற்குள் ஆபரேட்டர் பதில் கொடுத்துவிட்டால் சிஸ்டம் தலையிடாது. அது குறிப்பிட்ட அந்தச் செய்தியோடு பிணைந்திருப்பதால் எண் மாறிப்போகும் ஆபத்தும் இல்லை. வலையமைப்பு அறுந்தாலும் வேலை செய்யும். டி ஆட்டோஆர்,பாலிசி என்று கேட்டால் இப்போது நடைமுறையில் உள்ள விதிகளும், டி ஆட்டோஆர்,டபிள்யூடிஓஆர்எஸ் என்று கேட்டால் அந்த விதிகளின்கீழ் தற்போது காத்திருக்கும் செய்திகளும் தெரியும். இந்த இரண்டையும் உங்கள் ஸ்கிரிப்டிலேயே சேர்த்துக்கொண்டால், விதியில் அடங்கிய செய்திகளுக்காக யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

---

வரிபிரிப்பவர் எழுதியது:

பழையகன்சோல் அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஆட்டோ-ரிப்ளை விதி செய்தி எண்ணை வைத்து எழுதப்படுவது. ஐஈஎஃப்238டி-க்கு கேன்சல் என்று எழுதிவைத்தால், சோதனை ஜாப்புக்கும் சம்பளப் பட்டியல் ஜாப்புக்கும் அதே கதிதான். ஜாப்பின் பெயரையும் நேரத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடங்களில், முழு வசதி கொண்ட தானியக்கப் பொருளோ, மிகக் கவனமாக எழுதப்பட்ட ஸ்கிரிப்டோ தேவைப்படத்தான் செய்யும். அப்படி எழுதுபவர்கள், பதில் அனுப்புவதற்கு முந்தைய நொடியில் பட்டியலை மறுபடி எடுத்து, ரிப்ளை எண், செய்தி எண், ஜாப் பெயர் மூன்றும் முன்பு பார்த்தவையே என்று உறுதிசெய்துகொண்டு, அனுப்பிய பின், பதில் கொடுக்கப்பட்டதை அறிவிக்கும் ஐஈஈ600ஐ செய்தி வந்ததா என்றும் பார்க்க வேண்டும். இடைவெளி அப்போதும் முற்றிலும் மறையாது, ஆனால் ஐந்து நிமிடத்திலிருந்து ஓரிரு நொடிகளாகச் சுருங்கும்.

---

ஸ்பூல்வாசி எழுதியது:

ஒரு செய்தி எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதையும் நீங்கள் அறிய விரும்புவீர்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பெரும்பாலான கேள்விகளுக்கு ஆபரேட்டரே முதல் சில நிமிடங்களில் பதில் கொடுத்துவிடுவார், அவற்றுக்கெல்லாம் கைப்பேசி ஒலிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றின் பட்டியலையும் கோப்பில் வைத்து அடுத்த சுற்றுடன் ஒப்பிடுவது ஒரு வழி. ஜாப்களையும் செய்திகளையும் திரையில் பார்க்க உதவும் எஸ்டிஎஸ்எஃப் மென்பொருள் இருந்தால் அதைவிட நேரான வழி உண்டு. அதன் எஸ்ஆர் பேனல், நிற்கும் செய்திகளைச் சிஸ்டம், ஜாப் பெயர், செய்தி வெளியான தேதி, நேரம் ஆகியவற்றுடன் காட்டும். ரெக்ஸ் மொழி நிரல் ஒன்றில் ஐஎஸ்எஃப்கால்ஸ் என்பதை இயக்கிவிட்டு, ஐஎஸ்எஃப்எக்ஸெக் எஸ்ஆர் என்று கொடுத்தால் அந்தப் பத்திகள் யாவும் மாறிகளாகவே கிடைக்கும். வரிகளை வெட்டி ஒட்டும் வேலை இல்லை. அந்த நிரலை இசட்/ஓஎஸ்-இன் யுனிக்ஸ் பகுதியான யுனிக்ஸ் சிஸ்டம் சர்வீசஸில் வைத்து, லினக்ஸிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஓட்டலாம்.

---

இரவுப்பணி27 எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தானாகப் பதில் கொடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, பட்டியல் எடுப்பதோடு ஸ்கிரிப்டை நிறுத்திக்கொள்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பவற்றுக்கு மட்டும் தகவல் போகும். கடைசியாக ஒன்று: இதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றைப் பாதுகாப்புக் குழுவிடம் கேட்க வேண்டும். அந்தக் கணக்கால் பட்டியலைப் பார்க்க மட்டுமே முடிய வேண்டும், தவறியும் பதில் கொடுக்க முடியக்கூடாது. என்ன கேட்பது?

---

பழையகன்சோல் எழுதியது:

ராக்எஃப் பாதுகாப்பு மென்பொருள் உள்ள இடத்துக்குச் சொல்கிறேன். ஆப்பர்கமாண்ட்ஸ் வகுப்பில் எம்விஎஸ்.டிஸ்ப்ளே.ஆர் என்ற புரொஃபைலுக்கு ரீட் உரிமை கேளுங்கள்; டி ஆட்டோஆர் கட்டளையும் வேண்டுமென்றால் அதற்குரியதையும் சேர்த்துக் கேளுங்கள். எம்விஎஸ்.ரிப்ளை புரொஃபைலில் அந்தக் கணக்கு எந்த வழியிலும், குழு உரிமை வழியாகவும்கூட, இடம்பெறக்கூடாது என்பதை எழுத்தில் குறிப்பிடுங்கள். அந்தப் புரொஃபைல் வரையறுக்கப்பட்டே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே கன்சோலின் உரிமை அளவை ஆத்(இன்ஃபோ) என்று வைத்தால் மட்டும் போதாது, தனக்கு அனுப்பப்பட்ட செய்திகளுக்கு அத்தகைய கன்சோலாலும் பதில் கொடுக்க முடியும் என்பதால், அந்தப் புரொஃபைலை முதலில் வரையறுக்கச் சொல்லுங்கள். கன்சோலைத் திறப்பதற்கு எம்விஎஸ்.எம்சிஎஸ்ஆப்பர் என்று தொடங்கி அந்தக் கன்சோலின் பெயரில் முடியும் புரொஃபைலுக்கும், டிஎஸ்ஓஆத் வகுப்பில் கன்சோல் என்பதற்கும் ரீட் உரிமை தேவை. இவற்றோடு இசட்/ஓஎஸ்எம்எஃப்-இல் நுழையும் உரிமையும் இருக்க வேண்டும்.

கணக்கு கிடைத்ததும், சோதனை எல்பாரில் ஒரு டபிள்யூடிஓஆர்-ஐ நிற்கவைத்து, அந்தக் கணக்கிலிருந்தே அதற்குப் பதில் கொடுத்துப் பாருங்கள். சிஸ்டம் மறுத்தால் உற்பத்திக்குக் கொண்டுபோகலாம்.